வாகைக்குளம் முதல் மீனம்பாக்கம் வரை

அக்டோபர் 14, திங்கள்

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து நிவேதிதா பேசினாள். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையை அங்கே கவனித்துக்கொள்கிற பெண். சின்ன வயசுதான், குரலில் மட்டும் அவ்வளவு பொறுமை. "மேடம், நீங்க இன்னும் தூத்துக்குடியிலதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள். வேறு எங்கே போவேன், வீடும் வேலையும் இங்கேதானே இருக்கிறது என்றேன்.

விஷயம் இதுதான். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய வீட்டார் சம்மதித்து, அந்தச் சிறுநீரகம் என் முறைக்கு வந்தால், கூப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும். அவர்கள் கொண்டுவந்திருக்கும் புது விதி. அப்படி வந்து சேர முடியாத தூரத்தில் இருப்பவர்களை நவம்பர் கடைசியோடு வரிசையிலிருந்து தள்ளி வைக்கப்போகிறார்களாம். சென்னைக்கே குடிவந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்றாள். மூன்று வருஷமாக, வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறேன். இப்போதுதான் முன்னால் வந்திருக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சும்மா. குடிவர மாட்டேன். கூப்பிட்டா ஆறு மணி நேரத்துல வருவேன். எழுதிக்கிடுங்க."

ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து இத்தனை வருஷம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். முறைப்படி நிற்கிற ஆளை ஓரமாகப் போய் நில் என்று சொன்னதில்லை. என்னை யாரும் சொல்லவும் விடமாட்டேன்.

மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

டயாலிசிஸ். நாலு மணி நேரம். பக்கத்துக் கட்டிலில் ஜெசிந்தா. முப்பத்திரண்டு வயசு, திரேஸ்புரத்துக்காரி, எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் திருப்பூரில் இருக்கிறானாம். பணம் அனுப்புகிறான், ஆளைக் காணோம். அவளும் என்னைப் போல ஓ பாசிட்டிவ், அதே ஆஸ்பத்திரியில்தான் பதிந்திருக்கிறாள். போன வருஷம் நான்தான் விரட்டி விரட்டிப் பதிய வைத்தேன். அவளிடமும் நிவேதிதா பேசியிருக்கிறாள்.

"நான் சரின்னுட்டேங்க்கா. தாம்பரத்துல எங்க சித்தி வீடு இருக்கு. நீங்க என்ன சொன்னிய?"

"முடியாதுன்னேன்."

"பயமா இல்லையாக்கா?"

"எனக்கென்ன பயம்? அவளுக்குத்தான் இருக்கணும், என்கிட்ட மாட்டினதுக்கு."

ஜெசிந்தா சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மெஷினில் பிரஷர் அலாரம் அடிக்கும். சிஸ்டர் வந்து எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 16, புதன்

வேலைக்குப் போய்வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். பஸ்ஸோ காரோ அறுநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம், ஆகாது. முத்துநகர் எக்ஸ்பிரஸுக்குத் தினமும் நானே டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். ராத்திரி ஏறினால் காலையில்தான் எழும்பூர். அதுவும் ஆகாது. ரயிலில் சம்பளம் வாங்கிவிட்டு விமானத்தை நம்ப வேண்டிய கதி.

நெட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டு ஊர் விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்கிறது. வாகைக்குளத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஆகாயவழி ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருக்கிறான். கீழே பொடி எழுத்தில், பெரிய விமானத்தின் சராசரி வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு என்று ஒரு வரி. நம் ஊருக்கு வருவது முன்னால் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். அது ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அது போக, இந்தக் கணக்கைப் போட்டவன் பாளையங்கோட்டை ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளையும் பார்த்ததில்லை, கத்திப்பாராவையும் பார்த்ததில்லை. பூமியில் கால் வைக்காமலே ஒரு கணக்கு.

ஆனாலும் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும், பகல் விமானம் கிடைத்தால். ராத்திரியில் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

இவர் (என் வீட்டுக்காரர் கதிரேசன், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார்) போனில் விமானங்களைக் காட்டுகிற ஏதோ ஒன்றை ஏற்றிக்கொண்டுவிட்டார். சாப்பிடும்போதுகூட அதைத்தான் பார்க்கிறார். "இன்னைக்கு மத்தியான ப்ளேன் பதினஞ்சு நிமிஷம் லேட்டு வேதா" என்கிறார். நான் ஏறாத விமானம் லேட்டாக வந்தால் எனக்கென்ன என்று கேட்டேன். முகம் வாடிப்போய்விட்டது. கேட்டிருக்க வேண்டாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணன் பேசினான். பெரம்பூரில் வீடு இருக்கும்போது ஏன் வீம்பு பிடிக்கிறாய் என்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் நோய் தெரிந்த புதிதில் மூன்று மாதம் அங்கே இருந்திருக்கிறேன். அதனால்தான் சென்னையிலேயே பதிந்தோம். அண்ணி எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் எடுத்து வைத்தாள். அதைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள். ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டரைக்கொண்டே சொல்ல வைத்தேன். அப்புறமும் கவிழ்த்தாள்.

அவளுக்காக மட்டும் இல்லை. காத்திருப்பதற்காகவே ஒரு ஊரில் போய் உட்கார முடியாது. அங்கே நான் நோயாளி, வேறு ஒன்றும் இல்லை. இங்கே திங்களும் புதனும் வெள்ளியும் கவுண்டரில் இருக்கிறேன். தட்கலுக்கு முண்டியடிக்கிறவனை அதட்டுகிறேன். மெஷினுக்குப் போகிற நாளில் மட்டும்தான் நோயாளி.

அண்ணனுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் கொடுக்க முடியாது. அப்பா அம்மா இல்லை. ஆகவே வரிசைதான்.

அக்டோபர் 25, வெள்ளி

இவர் வண்டி சர்வீஸுக்குப் போய் வந்திருக்கிறது. துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார். முன்னால் அந்த ஸ்டிக்கர், 'ஓ பாசிட்டிவ், உதிரம் கொடுப்போம் உயிர் காப்போம்'. கல்யாணமான புதிதில் ஒட்டியது. வருஷத்துக்கு இரண்டு தடவை தவறாமல் போய்க் கொடுப்பார், முகாம் நடந்தால் முதல் ஆளாக நிற்பார். எங்கள் இருவருக்கும் ஒரே குரூப் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

காஸ் சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

பண்டிகை என்பதால் விடிவதற்குள் மெஷினில் போட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கோவில்பட்டியிலிருந்து அத்தை வந்து சமையலறையைக் கையில் எடுத்திருந்தார்கள். எண்ணெய்ச் சட்டியில் அதிரசம். இவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அத்தை சுடச்சுட எடுத்து வைக்கிறார்கள்.

"நல்லாச் சாப்புடு எய்யா. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான ஆகும். எனக்கு நீ ஒத்தப்புள்ள."

"சாப்புடுதேம்மா."

"வண்டியில என்னத்தயோ ஒட்டி வச்சிருக்கியே, ரத்தம் குடுக்கேன்னு. அத மொத கிழிச்சுப் போடு. இன்னைக்கு ரத்தம் கேப்பான், நாளைக்கு இன்னொண்ணு கேப்பான்."

இதைச் சொல்லும்போது அத்தை எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இவர் அதிரசத்தை மென்றுகொண்டே இருந்தார்.

அதிரசம் நன்றாக வந்திருந்தது. எனக்குப் பாதி. காபியும் பாதி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

வண்டியில் ஸ்டிக்கரைக் காணோம். பழசு, மழையில் உரிந்திருக்கும்.

நவம்பர் 8, வெள்ளி

நிவேதிதா மறுபடியும். நான் சொல்கிற ஆறு மணி நேரத்தை டாக்டர்கள் நம்பவில்லையாம். பேப்பரில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் மேடம், நேரில் வேறு மாதிரி ஆகும் என்கிறாள். நல்லது, நேரிலேயே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை மெஷின் கிடையாது. லீவு போட்டாயிற்று. ஒத்திகை.

இவரிடம் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டார். இந்த மாதிரி விஷயங்களில் எள் என்றால் எண்ணெயாக நிற்பார்.

நவம்பர் 13, புதன்

எழுதியே ஆக வேண்டும், கை வலித்தாலும்.

ஒத்திகை ஒத்திகையாக இருக்க வேண்டும் என்பதால், குளித்துச் சீவி முடித்துத் தயாராக உட்காரவில்லை. சமையல் நடுவில், நான் தோசை திருப்பிக்கொண்டிருக்கும்போது இவர் ஹாலிலிருந்து "போன் வந்துட்டு" என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சொன்னார். அடுப்பை அணைத்தேன், பையை எடுத்தேன், வாசலில் வாடகைக் கார். கண்டெய்னர் லாரிகள் இன்றைக்கென்று வரிசைகட்டி நின்றன. டிரைவர் ஒதுங்கி ஒதுங்கிப் போனார். வாகைக்குளத்தில் கதவு மூடுவதற்கு முன் உள்ளே போய்விட்டோம்.

சோதனை செய்த பெண் என் இடது கையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். டயாலிசிஸுக்காக நரம்பை இணைத்து வைத்திருக்கிற இடம், எப்போதும் உர்ரென்று அதிரும். "என்ன மேடம் இது?" என்றாள். "மோட்டார். இவர் கடையில போட்டது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விமானத்தில் முதல் தடவை. ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், கால் நீட்டிக்கொள்ள நடைபாதைப் பக்கம்தான் வசதி. மேலே ஏறும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் பயப்படுவாரே என்று. ஒன்றரை மணி நேரமும் விசிறிச் சத்தம். உப்பளங்கள் மேலே இருந்து வெள்ளைக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன என்று இவர் சொன்னார்.

சென்னையில் கொட்டுகிற மழை. டாக்ஸி கிடைக்க நேரமானது. கத்திப்பாராவில் சக்கரம் முங்குகிற தண்ணீர், டாக்ஸிக்காரர் இதற்குமேல் போகாது என்றுவிட்டார். நான் இறங்கி நடந்தேன். இவர் பின்னால் குடையோடு ஓடிவந்தார், குடை அவருக்கு மட்டும்தான் பயன்பட்டது. எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறினோம்.

நிவேதிதாவின் மேஜைக்கு முன்னால் சேலை சொட்டச் சொட்டப் போய் நின்றேன்.

"வேதவல்லி, தூத்துக்குடி. அடுப்பை அணைச்சு நாலே முக்கால் மணி நேரம் ஆகுது. மழையையும் சேத்து."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இப்படி ஒத்திகை பாத்துட்டு யாரும் வந்ததில்ல மேடம்" என்றாள். ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண்தான். பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ராத்திரி கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

"ராத்திரி என் முறையை அடுத்த ஆளுக்குக் குடுங்க. பகல்ல வந்தா அது எனக்கு. அதுகூட வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு விதி இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். திரும்பி வருவதற்கு முத்துநகர். ரயிலில் ஏறிப் படுத்ததும் சொந்த வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

நவம்பர் 16, சனி

டயாலிசிஸ். தொண்டை கரகரவென்று இருக்கிறது. ஏசி.

நவம்பர் 19, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன். வரிசையில் என் இடம் அப்படியே இருக்கும், பகல் அழைப்புக்கு மட்டும். நிவேதிதாவே சந்தோஷமாகச் சொன்னாள். கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன். ஜெசிந்தா, "எனக்கும் அப்படியே கேட்டுக் குடுங்கக்கா, சித்தி வீட்டுக்குப் போக இஷ்டமே இல்ல" என்றாள். அவளையே நிவேதிதாவிடம் பேச வைத்தேன். குரல் நடுங்கினாலும் பேசிவிட்டாள். அவளுக்கும் சரி என்றுவிட்டார்கள்.

லேசாக இருமல்.

நவம்பர் 21, வியாழன்

"அக்கா, சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. ராத்திரி காய்ச்சல் அடிக்கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அடிக்கலை. நீ உன் வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு. இருமல்னு எழுதிட்டா உடனே சென்னைக்குச் சொல்லிடுவாங்க. இத்தனை சண்டை போட்டு வாங்கினதை இருமலுக்கா விடுவேன்?"

வெந்நீரில் மஞ்சளும் மிளகும். தண்ணீர் அளவுக்குள்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

மத்தியானம் பன்னிரண்டு. போன் வந்துவிட்டது. ஒத்திகை இல்லை. நான்தான் முதல் ஆள். மாவு கிரைண்டரிலேயே கிடக்கிறது. கார் வந்துவிட்டது.

நவம்பர் 26, செவ்வாய். சென்னை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கையில் ஊசி ஏறுகிறது, அதனால் எழுத்து கோணல்.

ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். முதல் ஆளுக்குக் கடைசி நேரத்தில் ஏதாவது சரியில்லை என்றால் இரண்டாவது ஆளுக்கு. நிவேதிதா போனிலேயே சொல்லியிருந்தாள், நான் முதல், பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்று. அது யார் என்று சொல்லவில்லை. வாகைக்குளத்தில் உள்ளே நுழைகிறேன், கையில் ஒரு கட்டைப்பையோடும் அம்மாவோடும் ஜெசிந்தா நிற்கிறாள்.

"அக்கா, நீங்களுமா?"

அப்புறம் இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது. அவள் அம்மாவுக்கும் புரிந்து, எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அழுவதற்கு இதுவா நேரம்.

இவர் தன் இடத்தை மாற்றிக்கொடுத்து ஜெசிந்தாவை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். மேலே ஏறியதும் ஜெசிந்தா ஜெபமாலையை எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கே கெடைக்கணும்னு ஜெபம் பண்ணுதேன்."

"பொய் சொல்லாத. உனக்குப் பிள்ளை இருக்கு, உனக்குக் கெடைக்கணும்னு பண்ணு. நானும் எனக்குத்தான் வேண்டிக்கிடுதேன். விட்டுக்குடுக்கிற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது."

"அப்ப நெசத்தச் சொல்லட்டா? எனக்கும் வேணுங்க்கா."

"அப்படிச் சொல்லு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பு இருமலாக மாறி நிற்கவே இல்லை. அவள் ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தாள். கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இந்தத் தடவை ஜன்னல் பக்கம் பார்த்தேன். யாரோ ஒரு வீட்டில் இந்த நேரம் என்ன பாடு பட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். யார் என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் அழுகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் போக மனசில்லை.

அப்போதுதான் ஜெசிந்தா கேட்டாள். அவளிடம் எந்தக் கள்ளமும் கிடையாது, இவரைக் கண்ணால் காட்டிச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏங்க்கா, அண்ணனோட ரத்தம் உங்களுக்குச் சேரலையோ?"

விமானப் பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தில் அது வேலை செய்யாது, திரை கறுப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்கு மணி நேரம் பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தோம். ஒத்திகையைவிடச் சீக்கிரம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் வாயில் தெர்மாமீட்டரை வைத்தாள். நூற்றொன்று. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடியில் சளி கட்டியிருக்கிறது. இந்த நிலையில் ஆபரேஷன் செய்து, உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற மருந்தையும் கொடுத்தால் பிழைக்கமாட்டேன் என்றார் பெரிய டாக்டர். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். மழையில் நனைந்த நாளிலிருந்து என்று இவர்தான் சொன்னார்.

நான் சண்டை போட்டேன். எழுதிக் கொடுக்கிறேன், செத்தால் என் பொறுப்பு என்றேன். ஆறு மணி நேரம் என்றீர்கள், நாலு மணி நேரத்தில் வந்திருக்கிறேன், இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு என்று அந்த வராந்தாவே கேட்கக் கத்தினேன். டாக்டர் கோபப்படவில்லை. "நேரத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா. நேரம் மட்டும் போதாது" என்றார்.

ஜெசிந்தாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். என்னைத் தாண்டும்போது கையை நீட்டினாள். பிடித்தேன். "நல்லா இரு" என்று மட்டும் வந்தது. அதற்குமேல் பேசியிருந்தால் வேறு என்னென்னவோ வந்திருக்கும். அவள் போனதும் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பொறாமைதான். இல்லை என்று எழுதினால் அது பொய்.

காலையில் அவளுக்குச் சிறுநீர் பிரிந்துவிட்டது என்று அவள் அம்மா ஓடிவந்து சொன்னார்கள். என்னிடம் வந்து சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் கதவிலேயே நின்றார்கள். உள்ளே வாங்க என்றேன். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணுக்குச் சொட்டுக்கூடப் பிரிந்ததில்லை. அது எப்பேர்ப்பட்ட செய்தி என்று எனக்குத் தெரியாதா.

நவம்பர் 28, வியாழன்

வீடு. மத்தியான விமானத்தில் வந்தோம். இவர் வழி முழுக்க போனையே எடுக்கவில்லை. கிரைண்டரில் மாவு பொங்கி நாறிப்போய்க் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கழுவினோம்.

சாயங்காலம் டயாலிசிஸ். ஜெசிந்தா கட்டிலில் வேறு யாரோ. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 30, சனி

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். தோசையும் தக்காளிச் சட்டினியும். எனக்குத் தக்காளி ஆகாது, இவருக்கு மட்டும். இவர் பிய்த்த துண்டைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"வேதா, நான் வேணா குடுக்கட்டுமா?"

கல்லில் அடுத்த தோசை இருந்தது. அதைத் திருப்பினேன்.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. எங்கள் அம்மா சொல்லியிருப்பாள், அண்ணி சொல்லியிருப்பாள், கவுண்டரில் என்னோடு இருக்கிற எல்லாப் பெண்களும் சொல்லியிருப்பார்கள். 'ஐயோ, வேண்டாங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்.' அதைச் சொன்னால் இவர் கண் கலங்குவார், இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார், காலம் முழுக்க என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார். கேட்டுவிட்டேன் என்கிற நிம்மதி அவருக்கு, வேண்டாம் என்றுவிட்டேன் என்கிற பெருமை எனக்கு. மூன்று வருஷமாக நான் வாயைத் திறந்து கேட்காததும் அந்தப் பெருமையால்தான். கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்ற பயமும்தான்.

"குடுங்க" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். வேறு எதையோ கேட்கத் தயாராக இருந்த முகம்.

"திங்கக்கிழமை டாக்டரப் பாத்து என்னென்ன டெஸ்ட்டுன்னு கேப்போம். சேரலைன்னா சேரலை, வரிசை இருக்கவே இருக்கு. சேந்தா எனக்கு வேணும்."

"அம்மாகிட்ட..."

"அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் போன எடுக்க மாட்டேன். எனக்காகப் பரிஞ்சு பேச வேண்டாம், நான் கேட்டேன்னும் சொல்ல வேண்டாம். நீங்க குடுக்கப் போறதா சொல்லுங்க."

தோசை கருகிவிட்டது. அதை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் கோவில்பட்டிக்குப் பேசினார். மாடிப்படியில் உட்கார்ந்து, வெகு நேரம். அத்தை அழுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. ஒத்தப்புள்ள, ஒத்தப்புள்ள என்று அதே வார்த்தை. என்னைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள், அதை எழுதப் போவதில்லை. இவர், "சரிம்மா, சரிம்மா" என்றுகொண்டே இருந்தார். கடைசியில், "சரிம்மா. ஆனா நான் குடுக்கத்தான் போறேன்" என்றார். போனை என்னிடம் நீட்டவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

நிவேதிதாவிடம் சொன்னேன். "வீட்லயே ஆள் இருந்தா அவசரமே இல்ல மேடம். எல்லா டெஸ்ட்டும் சரியா வந்தா தேதி குறிச்சுக்கலாம். நிதானமா ட்ரெயின்லயே வாங்க" என்றாள். அதுவரை வரிசையில் என் இடத்தை எடுத்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

டிசம்பர் 4, புதன்

காலையில் வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு. இவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். எத்தனை முகாமில் ரத்தம் கொடுத்த கை, இன்று ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. லேப் பெண் ஒன்று மாற்றி ஒன்று குழாய்களை வைத்து நிரப்பிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

பாவமாகத்தான் இருந்தது. போதும் என்று சொல்லவில்லை. இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.